38,000 ரூபாய் கட்டி மண்டை ஓட்டைத் தொடக் கற்றுக்கொள்ளப் போன கதை

நேற்றுதான் ஊர் திரும்பினேன். வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். திருச்சியில் சின்னதாக ஒரு பிசியோ கிளினிக் வைத்திருக்கிறேன். கிரேனியல் ஆஸ்டியோபதி (மண்டையெலும்புகளை மெல்லத் தொட்டே நோயைச் சரிசெய்வதாகச் சொல்லும் முறை), நான்கு நாள், 'முழுக்கக் கைப்பயிற்சி' என்ற விளம்பரத்தைப் பார்த்து சென்னையில் ஒரு தனியார் பயிற்சி மையத்துக்கு 38,000 ரூபாய் கட்டினேன். ரயில், லாட்ஜ் எல்லாம் தனி.

ஏமாந்தது இலவச டெமோவில். பயிற்சி கொடுக்கும் சார் என் தலைமாட்டில் உட்கார்ந்து ஆள்காட்டி விரல்களை நெற்றிப்பொட்டுகளிலும் சுண்டுவிரல்களைப் பின்மண்டையிலும் வைத்தார். பூ வைத்தது போல இருந்தது. இரண்டு நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு, "இடது டெம்போரல் இறுகியிருக்கு. ஒற்றைத் தலைவலி உண்டாம்மா?" என்றார். டெம்போரல் என்றால் காதை ஒட்டிய மண்டையெலும்பு. பதினைந்து வருஷமாக உண்டு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கேயே நின்று ஜிபேயில் பணத்தை அனுப்பினேன். (வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கும் இடது டெம்போரல்தானாம். அவளுக்குத் தலைவலியே வந்ததில்லை.)

மூன்று பேருக்கு ஒரு கவுச் (சிகிச்சைக்குப் படுக்கும் மேசை) என்றார்கள். 34 பேருக்கு நான்கு கவுச். இரண்டு நாள் புரொஜெக்டரில் இந்த முறையைத் தொடங்கிய சதர்லாந்தின் புராணம்: மண்டையெலும்பின் சரிந்த விளிம்பு அவருக்கு மீன் செவுள் மாதிரி தெரிந்ததாம். மூன்றாம் நாள்தான் கை வைக்க விட்டார்கள். மண்டையெலும்புகள் ஒரு தாளத்தில் மெல்ல அசையும் என்கிறார்கள், அதுதான் 'ரிதம்'. ஒரே ஆளின் ரிதத்தை மூன்று பேர் எண்ணினோம். நிமிஷத்துக்கு 7, 10, 13. யார் சரி என்று கேட்டால், "மூணு பேரும் சரி. அவங்கவங்க கைக்கு அப்படித் தெரியுது" என்கிறார்! மண்டையின் அடியில் ஸ்பீனாய்டு எலும்பும் ஆக்சிபிட் என்ற பின்மண்டை எலும்பும் சேருமிடம் இருபது வயதுக்குள் எலும்பாக ஒட்டிவிடும், பிறகு அங்கே அசைவு ஏது என்று படித்தவள்தான் நானும். லாட்ஜில் தேடினால், 1994-லேயே மூன்று பிசியோக்கள் 12 பேரைத் தொட்டு எண்ணி, எண்ணிக்கை பொருந்தவே இல்லை என்று ஆய்வு வந்திருக்கிறது. கட்டுவதற்கு முன்னால் தேடியிருக்கணும்.

சிகிச்சை முறை, பின்மண்டையை மெல்ல அழுத்திப் பிடிக்கும் அந்த சிவி-4? அது 'லெவல் 2'. இன்னொரு 45,000.

ரீஃபண்ட் கேட்டேன். "உங்க கைக்கு டைம் கொடுங்க மேடம்." அப்புறம், "அக்கவுண்ட்ஸ்ல கேட்டுச் சொல்றேன்." அப்புறம் ஒரு கூகுள் ஃபார்ம். அப்புறம் ப்ளூ டிக் மட்டும். இன்று காலை குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார்கள். என் கிளினிக்கில் ஒரு சிட்டிங் 300 ரூபாய். 38,000 எத்தனை சிட்டிங் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கையில் இருப்பது 'சர்டிஃபைடு கிரேனியல் ஆஸ்டியோபத்' என்று ஒரு அட்டை. பிரிட்டனில் பதிவு இல்லாமல் ஆஸ்டியோபத் என்று போட்டுக்கொண்டால் 1993 சட்டப்படி குற்றம். இங்கே நான்கு நாளில் கொடுக்கிறார்கள்.

என்னென்ன கேட்டுச் சேரணும் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. டெமோ அன்றே பணம் அனுப்பாதீர்கள். எத்தனை பேர், எத்தனை கவுச், எந்த டெக்னிக் எந்த லெவலில் என்று எழுத்தில் வாங்குங்கள். இதைக் கற்றுக்கொண்டு வந்து பச்சைக் குழந்தை தலையில் கை வைத்துவிடாதீர்கள்.

ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இருக்கிறது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வக்கீல் இல்லாமல் நாமே மனு போடலாமா?