குடும்பத்தோடு பெருநகரம் சுற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு: ஏமாறுவது எங்கே, எப்படி

தனியாகப் போகிறவரை ஏமாற்றுவதைவிடக் குடும்பத்தை ஏமாற்றுவது சுலபம். கைக்குழந்தை அழும், பெரியவர்களுக்குக் கால் வலிக்கும், இரண்டு கையிலும் பை தொங்கும். பில்லை வரி வரியாகப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. சுற்றுலாப் பகுதியில் கடை போட்டிருப்பவருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

காலையிலேயே தொடங்கும். “இன்னைக்கு மூடியிருக்கு, ஏதோ விசேஷமாம், மத்தியானத்துக்கு மேலதான் திறப்பாங்க.” பாங்காக்கின் பெரிய அரண்மனை மதில் ஓரத்தில் இதைச் சொல்பவர் நல்ல சட்டை போட்டிருப்பார், அரசு ஊழியர் மாதிரி நிற்பார். கூடவே ஒரு டுக்-டுக் (அந்த ஊர் ஆட்டோ) தயாராக இருக்கும், வாடகையும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. ஒரு சின்னக் கோயிலைக் காட்டிவிட்டு நேராக ரத்தினக் கடை, அடுத்துத் தையல் கடை. வண்டிக்காரருக்குக் கமிஷனோ பெட்ரோல் கூப்பனோ கடையிலிருந்து கிடைத்துவிடும். கல் போலியாகத்தான் இருக்கும் என்றில்லை, தரம் குறைந்த நிஜக் கல்லாகவும் இருக்கும், ஏமாற்று விலையில். “ஊருக்குக் கொண்டுபோய் வித்தா ரெண்டு மடங்கு” என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அத்தனை லாபம் இருந்தால் அவரே கொண்டுபோய் விற்றிருப்பார். கடையே எழுதித் தரும் சான்றிதழுக்கு மதிப்பு கிடையாது. அந்த அரண்மனை வழக்கமாகக் காலை 8.30-க்குத் திறக்கிறது, டிக்கெட் மாலை 3.30 வரை. மூடியிருக்கிறதா என்பதை டிக்கெட் கவுண்டர்வரை நடந்துபோய்க் கண்ணால் பாருங்கள். நிஜமான விடுமுறை நாள் முந்தின இரவே தெரிந்துவிடும்: பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய், தாஜ் மகாலுக்கு வெள்ளி.

டிக்கெட்டிலும் ஒரு சங்கதி உண்டு. லூவரில் 18 வயதுக்குக் கீழ் இலவசம், தாஜ் மகாலில் 15 வயதுக்குக் கீழ் இலவசம். ‘குடும்பப் பேக்கேஜ்’ என்று வெளியே விற்பவர் குழந்தைக்கும் சேர்த்து வாங்கிவிடுவார். தேடும்போது முதலில் வந்து நிற்கும் இணையதளம் பல நேரம் விளம்பரம்தான், அந்த இடத்தின் சொந்தத் தளம் அல்ல. முகவரியைப் படித்துவிட்டுக் கார்டு எண்ணைப் போடுங்கள்.

இனி கார்டு மெஷின். வெளிநாட்டு ஊரில் அதிகம் பேர் ஏமாறுவதும், ஏமாந்தது தெரியாமலே வீடு திரும்புவதும் இங்கேதான். கார்டைச் செருகியதும் திரையில் இரண்டு தொகை வரும்: ஒன்று அந்த ஊர்ப் பணத்தில், மற்றது நம் ஊர்ப் பணத்தில். நம் பணத்தில் பார்த்தால் கணக்கு சட்டென்று புரிகிறது, அதனால் கை அங்கே போகிறது. அதை அழுத்தினால் மாற்று விகிதத்தைப் போடுவது விசாவோ மாஸ்டர்கார்டோ அல்ல. கடையின் வங்கியோ அது அமர்த்திய நிறுவனமோ போடும். தங்கள் லாபத்தை அந்த விகிதத்துக்குள்ளேயே வைத்துவிடுவார்கள், கடைக்கும் அதில் பங்கு போகலாம். 200 யூரோ பில்லுக்கு 6 சதவீதம் ஏற்றினால் 12 யூரோ போச்சு. இதற்கு மேல் நம் வங்கியும் வெளிநாட்டுக் கட்டணம் என்று தனியாகப் பிடிப்பதுண்டு.

எதில் கட்டுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டியது வாடிக்கையாளர்தான், கார்டு நிறுவனங்களின் விதியே அப்படி. நடப்பதோ வேறு. கல்லாவில் இருப்பவர் மெஷினைத் தன் பக்கம் திருப்பி, தானே ஒன்றை அழுத்திவிட்டு, ரகசிய எண் (PIN) போட மட்டும் நீட்டுவார். எண்ணைப் போடும் முன் திரையில் எந்த நாட்டுக் காசு இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊர்க் காசு தெரிந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, ‘உள்ளூர்ப் பணத்தில் போடுங்கள்’ என்று கேளுங்கள். பில் வந்த பிறகுதான் கவனித்தீர்களா? கவுண்டரை விட்டு நகராதீர்கள். ரத்து செய்யச் சொல்லி, ரத்துச் சீட்டையும் வாங்கிக்கொண்டு, மறுபடி போடச் சொல்லுங்கள். ஏடிஎம்மிலும் இதே கதை: ‘மாற்று விகிதத்தை மறுக்கிறேன்’ என்பதை அழுத்தினால் பணமே வராதோ என்று தோன்றும்படி எழுதியிருப்பார்கள். வரும்.

ஃபோன், கேமரா வாங்கும் கடையில் விலை பேசும்போது எல்லாம் சுமுகமாக இருக்கும். பணம் கட்டியதும் பெட்டி உள்ளே போகும், ‘செட்டிங்’ பண்ணித் தருகிறோம் என்பார்கள். அப்புறம் ஒரு தாள் வரும், கையெழுத்துக்கு. அதில் பொடி எழுத்தில் வாரண்டி என்று தனித் தொகை. கட்டினால்தான் ஃபோன் வெளியே வரும், கட்டிய பணமும் திரும்ப வராது. கேமராவில் இன்னொரு விதம்: பெட்டிக்குள் இருக்க வேண்டிய பேட்டரி, சார்ஜர், மூடி எல்லாவற்றையும் முன்பே எடுத்துவிட்டு, அவற்றையே தனியாக விற்பது. ஆகவே பணம் கொடுக்கும் முன் சீல் உங்கள் கண்முன் உடைய வேண்டும். பெட்டியில் அச்சிட்ட உள்ளடக்கப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். ஃபோனில் *#06# போட்டால் 15 இலக்க எண் வரும்; அது பெட்டி மேல் இருக்கும் எண்ணோடும், பில்லில் எழுதிய எண்ணோடும் ஒத்துப்போக வேண்டும். பில்லில் எழுத மாட்டேன் என்றால் அந்தக் கடை வேண்டாம்.

துணிக் கடையில், காட்டியது ஒன்று, கட்டிக் கொடுத்தது ஒன்று என்று ஆகலாம். பார்சலைக் கவுண்டரிலேயே பிரித்துப் பாருங்கள். பட்டுதானா என்று சந்தேகமாக இருந்தால் ஓரத்து நூல் இரண்டு கேட்டுப் பொசுக்கிப் பார்க்கலாம்: பட்டு, முடி கருகிய வாடையோடு பொடிச் சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாக ஒட்டும். நீளவாட்டில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடு நூலும் வேறு வேறாக இருக்கலாம் என்பதால் இரண்டு திசையிலும் ஒவ்வொரு நூல் எடுக்க வேண்டும்.

சாயங்காலம் டாக்சி. பெரிய நோட்டை வாங்கி, கண் இமைக்கும் நேரத்தில் சின்ன நோட்டைக் காட்டி, “நீங்க கொடுத்தது இதுதானே” என்பது பழைய வித்தை, இன்னும் ஓடுகிறது. நோட்டின் மதிப்பை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கொடுங்கள். ஒருவர் குழந்தைகளோடு இறங்கி, டிக்கியில் இருக்கும் பைகளை எல்லாம் எடுத்து எண்ணிய பிறகு மற்றவர் பணம் கொடுக்கட்டும். பை உள்ளே இருக்கும்வரை பேரம் அவர் கையில். அந்த நேரம் பார்த்துக் குழந்தைக்கு அவசரமாகப் பாத்ரூம் வரும், அது வேறு விஷயம்.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால் அன்று இரவே வங்கிக்குச் சொல்லுங்கள். கார்டில் கட்டியதை மறுத்து முறையிட வழி உண்டு, ஆனால் அதற்குக் கெடு இருக்கிறது. பில், ரத்துச் சீட்டு, கையெழுத்துப் போட்ட தாள், கடைப் பலகை எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். மெஷினில் வரும் சீட்டு வெப்பத்தாள். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்தால் முழுக்கக் கறுத்துவிடும், பர்ஸில் இருந்தால் மெல்ல வெளுத்துவிடும்.