மருதமுனையில் ஒரு புர்தா வகுப்பு

சின்ன வயதிலிருந்து மௌலிது (நபி புகழ் ஓதும் மஜ்லிஸ்) வீடுகளில், நபியவர்களைப் புகழும் அரபுப் பாடலான புர்தாவைக் கேட்டு வளர்ந்தவள் நான். மெட்டு மனப்பாடம். அதன் யாப்பு மட்டும் காதில் விழுந்ததே இல்லை. கிழக்கிலங்கையின் மருதமுனையில், தறிச் சத்தம் கேட்கும் ஓர் ஒழுங்கையில், மௌலவி ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் நடத்தும் வகுப்பில் இந்த வருஷம் சேர்ந்தேன். சனிக்கிழமை அஸர் என்ற பின்னேரத் தொழுகைக்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம், எட்டுக் கிழமை.

முதல் இரண்டு கிழமையும் மெட்டே கிடையாது. மேசையில் விரலால் தட்டிக்கொண்டு, பேசுவது போல வாசிக்கச் சொல்வார். பாடப் பழக வந்த இரண்டு பேர் அதோடு நின்றுவிட்டார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள்.

மூன்றாம் கிழமை பலகையில் யாப்பை எழுதினார். இமாம் பூஸிரி 13ஆம் நூற்றாண்டில் எகிப்தில் பாடிய கஸீதா (ஒரே யாப்பில், ஒரே இறுதி ஒலியில் வரும் நெடும்பாடல்) இது. சுமார் 160 பைத்து, அதாவது ஈரடிச் செய்யுள், எல்லாமே பஸீத் என்ற அரபு யாப்பு. வாய்பாடு: முஸ்தஃப்இலுன் ஃபாஇலுன், திரும்பத் திரும்ப. நான் தமிழ் படிப்பிக்கிறவள், கை தானாக அசை பிரித்தது. முஸ் தஃப் இலுன், நேர் நேர் நிரை, தேமாங்கனி. ஃபா இலுன், நேர் நிரை, கூவிளம்! கொப்பியை நீட்டினேன். மௌலவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், முதல் பைத்தையும் இப்படிப் பிரிச்சுக் காட்டுங்க" என்றார்.

"அமின் ததக்குரி ஜீரானின் பிதீ ஸலமி." அமின்ததக், கருவிளம். குரிஜீ, புளிமா. ரானின்பிதீ, தேமாங்கனி. ஸலமீ, புளிமா. சொல் நடுவில் உடைந்து அடுத்த சீருக்குப் போகிறது, நம்முடைய வகையுளிதான். தேமாங்கனி கருவிளமாகவும் கூவிளம் புளிமாவாகவும் குறுகலாம், யாப்பு கெடாது. தீ ஸலம் என்ற இடத்தில் இருந்த அயலவரை நினைத்தா கண்ணீரில் இரத்தம் கலந்தாய் என்று கேட்கிற பைத்து. அந்தக் குறுக்கத்தில் எனக்கு விம்மல் கேட்டது. மெட்டில் இழுத்து ஓதும்போது இது அப்படியே மறைந்துவிடுகிறது. நமக்கு எதுகை அடியின் தலையில். அங்கே ஒலி வாலில். 'மி' என்று முடிந்தால் கடைசிப் பைத்து வரைக்கும் 'மி'தான். நபியவர்களின் புகழ் மூன்றாவது பகுதியில்தான் வருகிறது. அதுவரை ஏக்கமும், நஃப்ஸை, அதாவது மன இச்சையைப் பற்றிய எச்சரிக்கையும்.

குறையும் உண்டு. போட்டோக்கொப்பியில் ஹரகத்துகள் (அரபு எழுத்தின் உயிர்க்குறிகள்) மங்கிப்போயிருந்தன. யாப்புப் படிக்கிறவருக்கு அது பெரிய இடைஞ்சல். அரபுக் கவிஞர் முதனப்பி, அரசர் ஸைபுத் தவ்லாவைப் பாடிய கஸீதாவுக்கு அரை மணித்தியாலம்தான் கிடைத்தது. அது தவீல் என்ற இன்னொரு யாப்பு, நடையே வேறு. இரண்டு கிழமையாவது வேண்டும்.

போன வியாழன் இரவு உம்மா புர்தா ஓதும்போது கட்டில் சட்டத்தில் மெதுவாகத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் இழுவையை விட்டுவிட்டு என் விரலோடு வந்துவிட்டார். அடுத்த வகுப்பு நோன்புப் பெருநாளுக்குப் பிறகு. இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.