பனிக்கட்டியைக் காக்க மரத்தூளா, உலர்புல்லா?

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஏரிகளில் குளிர்காலத்தில் பனிக்கட்டியை வெட்டிக் கோடைக்குச் சேமித்த 19-ஆம் நூற்றாண்டுத் தொழிலில், வெட்டுவதைவிடக் காப்பதே கடினமாக இருந்தது. அப்பகுதியின் மேய்ன் மாநிலத்தில் எங்கள் குளத்துக் கட்டிகளைப் பழைய முறையில் சேமிக்க ஒரு மரக்கொட்டகை அமைத்தபோது, அன்றைய வணிகர்கள் முன்னிருந்த கேள்வியே எனக்கும் எழுந்தது: சுற்றிலும் உலர்புல்லை அடைப்பதா, மரத்தூளை நிரப்புவதா? நான் மரத்தூளைத் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டுமே உள்ளே அடைபட்ட காற்றினால்தான் வெப்பத்தைத் தடுக்கின்றன. புல் எடை குறைந்தது. அதிலிருந்து எடுக்கும் கட்டி சுத்தமாகவும் இருக்கும். மரத்தூளோ கட்டியில் ஒட்டிக்கொள்வதால், ஒவ்வொரு முறையும் கழுவியே பயன்படுத்த வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் முடிவு செய்வது ஈரம். எவ்வளவு நன்றாக அடுக்கினாலும் பனிக்கட்டி சிறிது சிறிதாக உருகத்தான் செய்யும். அந்த நீர் பட்ட புல் படிந்து, தன்னுள் இருந்த காற்றை இழந்து, அழுகத் தொடங்கும். ஈரப் புல் அழுகும்போது சூடு பிறக்கும் என்பதையும், அந்தச் சூட்டில் புற்போர் தானாகவே தீப்பிடிப்பதுண்டு என்பதையும் இங்குள்ள விவசாயிகள் நன்கு அறிவார்கள். காக்க வைத்த பொருளே சூடேற்றும் பொருளாகிவிடுகிறது. மரத்தூள் மிக மெதுவாகவே மக்கும். கட்டியை ஒட்டிய பகுதி நனைந்தாலும் வெளிப்பகுதி உலர்ந்தே இருக்கும். இன்னொன்றையும் கோடை நெடுகக் கவனித்தேன்: கட்டி உருகிச் சுருங்கும்போது மரத்தூள் தானாகச் சரிந்து இடைவெளியை நிரப்பிவிடுகிறது, புல்லோ பின்னிக்கொண்டு அப்படியே நிற்க, அதன் அடியில் உண்டாகும் பொந்தில் வெப்பக்காற்று நுழைந்துவிடுகிறது. மரத்தூளும் நீரில் ஊறிவிட்டால் பயனற்றதுதான் என்பதால், அடித்தளத்தில் நீர் வடியும் வழி கட்டாயம் வேண்டும்.

வரலாறும் இதே பக்கம்தான் சாய்கிறது. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் 1806-இல் மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பிய முதல் சரக்கு உலர்புல்லில் பொதியப்பட்டது. அதில் அவருக்கு நட்டமே மிஞ்சியது. பின்னர் பல பொருள்களைச் சோதித்து அவர் மரத்தூளுக்கு வந்துசேர்ந்தார். மேய்ன் மரம் அறுக்கும் ஆலைகளுக்கு அது வெறும் கழிவாக இருந்ததால் விலையும் பெரிய தடையாக இல்லை. நத்தானியேல் வைத் உருவாக்கிய, குதிரை இழுக்கும் பனிக்கலப்பை கட்டிகளை ஒரே அளவில் வெட்டித் தந்ததால் அவற்றை இடுக்கின்றி அடுக்க முடிந்தது. கட்டிகள் நெடுநாள் உருகாமல் நின்ற பெருமையை மரத்தூளுக்கு மட்டும் கொடுத்துவிடக் கூடாது. 1833-இல் டியூடரின் 'டஸ்கனி' கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின் ஏறத்தாழ 100 டன்னைக் கல்கத்தாவில் சேர்த்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் கட்டடமும் இந்த வணிகத்துக்காக 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான்.

புல்லின் பக்கமும் நியாயம் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்த பெருங்கிடங்குகளில், சுவர்களின் இடையே மரத்தூளை நிரப்பியவர்கள் அடுக்கின் மேற்பரப்பைப் புல்லால் மூடினார்கள். குவியல் பெரிதாகப் பெரிதாக, அதன் கன அளவோடு ஒப்பிடும்போது காற்றுப்படும் பரப்பு குறைவதால் அங்கே புல்லே போதுமானதாக இருந்தது. என் கொட்டகை போன்ற சிறிய இடத்தில் அந்த வசதி இல்லை. நான் புல்லை மேல்மூடியாக மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். முழுக்கப் புல்லையே நம்பிய சேமிப்பைப் பற்றி என் சொல்லை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாங்குவதானால் நன்கு உலர்ந்த, சற்றுப் பருமனான பைன் மரத்தூளாகப் பார்த்து வாங்குங்கள். உப்புத்தாள் தேய்ப்பில் வரும் மாவு போன்ற தூள் இறுகிவிடும். கொட்டகை காலியானதும் அதை வெயிலில் பரப்பி உலர்த்தினால், பெரும்பகுதி அடுத்த குளிர்காலத்துக்கும் உதவும். நனைந்த புல்லை உரக்குழிக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.