பழைய கார் எடுப்பதென்றால்: அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு

காசிமேட்டுக் கடற்காற்று தகட்டைத் தின்றுவிடும் என்று ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். அதனாலேயே பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து அடித்தகட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பழைய கார் எடுத்துச் சீர்செய்வது என்று முடிவானதும் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று மூன்றையும் போய்ப் பார்த்தேன். தகட்டைப் பார்த்து முடிவெடுத்திருந்தால் அம்பாசடர்தான் வந்திருக்கும். ஆர்.சி. புத்தகத்தை, அதாவது வண்டியின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து எடுத்ததால் வந்தது 1978 மாடல் பிரீமியர் பத்மினி. ஃபியட்தான் பின்னாளில் அந்தப் பெயரில் வந்தது. இனி ஃபியட் என்றே சொல்கிறேன், வீட்டிலும் அப்படித்தான்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இடவசதிக்கு அம்பாசடர். பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் நுழைந்து திரும்ப ஃபியட். அழகுக்கு ஹெரால்டு, அதில் வாதமே வேண்டாம், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உடம்பு. மைலேஜ் கணக்குப் பார்ப்பவர் இந்தப் பக்கமே வரக்கூடாது. உதிரிபாகம் என்றால், அம்பாசடர் 2014 வரை மேற்கு வங்கத்து உத்தரபாரா ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்ததால் புதுப்பேட்டையில் கேட்டால் கிடைக்கும். ஃபியட்டுக்கு இரண்டு கடை ஏறி இறங்க வேண்டும். ஹெரால்டுக்கு ஆளைப் பிடிக்க வேண்டும்.

ஹெரால்டு நம்ம ஊர் கார். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். மற்ற இரண்டுக்கும் உடம்பும் அடித்தளமும் ஒரே கூடு. ஹெரால்டுக்கு ஷாசி, அதாவது அடிச்சட்டம், தனி, அதன் மேல் போல்ட் போட்டு முடுக்கிய பாடி. தனித்தனியாகக் கழற்றி வேலை பார்க்கலாம், முன்பக்கம் முழுவதும் பானெட்டோடு சேர்ந்து முன்னால் கவிழும். பட்டறைக்காரருக்கு இதைவிட வசதி இல்லை. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இன்றும் பாகங்கள் செய்து விற்கிறார்கள். ஆனால் அங்கே நான்கு கதவு ஹெரால்டு வந்ததே இல்லை, அது இந்தியாவுக்கு மட்டும் செய்தது. நான்கு கதவு வண்டியில் பின்கதவு போனால் தகடு தட்டித்தான் செய்ய வேண்டும். நான் ஒரு ஹெரால்டை ஓட்டிப் பார்த்ததோடு சரி, கழற்றிப் பார்க்கவில்லை. இதற்கு மேல் அதன் எஞ்சினைப் பற்றிப் பேசினால் கேள்விப்பட்டதைச் சொல்வதாகிவிடும்.

அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கும் வடசென்னைக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. அது பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ். அந்த வரிசையே ஆஸ்டின் ஏ40 எஞ்சினிலிருந்து வளர்ந்தது. ஏ40 காரை எண்ணூரில் பூட்டியவர்கள் அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்ட் ஆன அதே கம்பெனி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

திருவொற்றியூரில் பார்த்த அம்பாசடருக்குத் தகடு அருமையாக இருந்தது. டிக்கி தரை வரை ஓட்டை இல்லை. நான் உள்ளே தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட வந்த, தகடு வேலை பார்க்கும் வியாசர்பாடி டிங்கரிங் பாய் வெளியில் நின்றபடியே கேட்டார்: “இன்னா சார், எஞ்சின் நம்பர் பாத்தியா மொதல்ல?” பார்த்தோம். ஆர்.சி.யில் எரிபொருள் பெட்ரோல் என்று இருக்கிறது, பானெட்டுக்குள் டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று விற்பவருக்கே தெரியாது. எஞ்சின் மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஏற்றாமல் விட்ட வண்டியைத் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குக் கொண்டுபோய் நிறுத்தினால் ஆய்வாளர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

அம்பாசடரின் வாழ்க்கையே அப்படி. இங்கே நிறைய வண்டி டாக்சியாக ஓடியது, இல்லையென்றால் அரசாங்க ஏலத்தில் வந்தது. டி-போர்டாக, அதாவது டாக்சியாக இருந்ததை ஓன் போர்டாக, சொந்த வண்டியாக மாற்றியிருந்தால் பர்மிட் சரண்டர் செய்த காகிதம், வரி வித்தியாசம் கட்டிய ரசீது எல்லாம் இருக்க வேண்டும். டீசலுக்கு மாறாத அம்பாசடரைத் தேடுவதே ஒரு வேலை. நான் பார்த்ததில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது: ஆர்.சி.யில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் ஹைபாதிகேஷன், அதாவது கடனுக்கான அடமானப் பதிவு, ரத்தாகாமல் கிடந்தது. கடன் எப்போதோ தீர்ந்திருக்கும். ஆனால் அந்தப் பதிவை ரத்து செய்யும் படிவம் 35இல் கையெழுத்துப் போட அந்தக் கம்பெனி இருக்க வேண்டுமே?

ஃபியட் விஷயம் வேறு. பம்பாயில் அது டாக்சி, சென்னையில் பெரும்பாலும் வீட்டு வண்டி. ஒருவர் வாங்கி, பத்து பதினைந்து வருடம் வைத்திருந்து, தெரிந்தவருக்கே கொடுத்திருப்பார். அதனால் காகிதம் தொடர்ச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். என்னுடையதில் இருந்தது. பழைய காலத்து அட்டை போட்ட ஆர்.சி. புத்தகம், நடுப்பக்க நூல் விட்டுப்போயிருந்தது. பெயர் மாற்றப் பக்கத்தில் ஊதா மை முத்திரைகள் ஈரம் பட்டுக் கசிந்திருந்தாலும் தேதி படிக்க முடிந்தது. முதல் உரிமையாளர் முகவரி சவுக்கார்பேட்டை, அடுத்தவர் பெரம்பூர். ஹைபாதிகேஷன் பதிவும் இருந்தது, அதன் கீழேயே ரத்து முத்திரையும் இருந்தது. அந்த இரண்டாவது முத்திரையைப் பார்த்த இடத்திலேயே அட்வான்ஸ் கொடுத்தேன்.

பிறகு ஷாசி எண் இருக்கும் இடத்தில் பெயின்ட்டை மெல்லச் சுரண்டி, தாளை வைத்து பென்சில் பிரிண்ட் எடுத்தார் பாய். தாளில் ஒவ்வோர் எண்ணாக வெள்ளையாக எழும்பி வந்தது. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தால் ஓர் எழுத்து பிசகவில்லை. எஞ்சின் எண்ணும் அப்படியே, அதே 1089 சி.சி.

முன்னாள் உரிமையாளர்களைத் தேடுவது வெறும் ஆசைக்கு என்று நினைக்கிறார்கள். எனக்கு அது வேலைக்கு உதவியது. சவுக்கார்பேட்டை முகவரியில் இப்போது பாத்திரக் குடோன், அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. பெரம்பூரில் உரிமையாளரின் மகன் இருந்தார், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “உள்ள வாங்க தம்பி, அது எங்கப்பா வண்டியாச்சே” என்று உட்கார வைத்தார். வடிவுடையம்மன் கோயில் வாசலில் குடும்பமே வண்டியோடு நிற்கும் படம் ஒன்றைக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படம், நிறம் தெரியாது. ஆனால் பம்பர், கிரில், சக்கர மூடி எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடி இருப்பது தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் என் வண்டியில் இருந்த கிரில் வேறு வருடத்து மாடலுடையது என்று கண்டுபிடித்தோம்.

நிறம் ஆர்.சி.யில் கிடைத்தது: சாம்பல். நான் வாங்கியபோது வண்டி மெரூன். பின்சீட்டைத் தூக்கினால் அடியில் யாரும் ஸ்பிரே அடிக்காத இடத்தில் பழைய சாம்பல் அப்படியே இருந்தது. அதை வைத்து நிறம் கலந்தார்கள். புத்தகத்தில் உள்ள நிறமே அடித்ததால் ஆர்.டி.ஓ.வில் நிற மாற்றத்துக்குத் தனியாக எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

காகிதத்தை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால் செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம், பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டு முதல் 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000. புதுப்பிக்காமல் விட்டால் மாதம் 500 ரூபாய் தாமதக் கட்டணம். நான்கு வருடம் ஷெட்டில் கிடந்த வண்டிக்கு அதுவே 24,000. டி.எம்., எம்.எஸ். என்று தொடங்கும் பழைய எண்கள் பல கணினியிலேயே ஏறவில்லை. அரசின் பரிவாஹன் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் ஒன்றும் வராது. கடைசியாகப் பதிவு எந்த அலுவலகத்தில் இருந்ததோ அங்கே பழைய பேரேட்டைப் புரட்டி ஏற்ற வேண்டும். கையில் அசல் புத்தகம் இருந்தால் அது அலைச்சல். இல்லாவிட்டால் தவம்.

ஹெரால்டுக்காரர்கள் “50 வருடம் ஆகிவிட்டது, வின்டேஜ் பதிவு வாங்கிவிடலாம்” என்பார்கள். 2021இல் வந்த விதிப்படி வாங்கலாம், எண்ணில் வி.ஏ. என்று வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் ஷாசி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. அப்புறம், கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போக முடியாது. வீட்டுக் கார் என்று ஆசைப்பட்டு எடுத்தவனுக்கு அது எதற்கு?

ஃபியட்டிலும் குறை இருக்கிறது, மறைக்கவில்லை. துரு விழுந்தால் கதவுக்குக் கீழே ஓடும் சில் பட்டை, கால் வைக்கும் தரை, பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம் மூன்றும் சேர்ந்து போகும். ஷாசி தனியாக இல்லாததால் அவை போனால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. என் வண்டியில் இரண்டு சில்லையும் வெட்டிப் புதுத் தகடு வைத்தோம், பட்டி வைத்து மூடவில்லை. கடற்காற்றில் இது எத்தனை வருடம் நிற்கும் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன், ஒரு மழைக்காலம்தான் தாண்டியிருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிக்குப் பின்னால் போகும்போது இடைவெளி விட்டே போகிறேன். ஸ்டீரிங் தண்டிலேயே இருக்கும் கியர் பழக என் மனைவிக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை, எனக்குத்தான் இன்னும் ரிவர்ஸ் சில சமயம் தகராறு செய்கிறது.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. உங்கள் தாத்தா பெயரிலேயே, ஓன் போர்டாக, அசல் பெட்ரோல் எஞ்சினோடு ஓர் அம்பாசடர் வீட்டு ஷெட்டில் நிற்கிறது என்றால் ஃபியட் தேடி அலையாதீர்கள். தாத்தா காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயரை மாற்றுங்கள். விதிப்படி மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டியது, பல வீடுகளில் அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். வாரிசுகள் நான்கு பேர் என்றால் மற்ற மூவரிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்கிவிட்டு, அதன் பிறகு டிங்கரிங்காரருக்கு போன் செய்யுங்கள்.