வாரம் ஒன்றா, ராத்திரிக்கு ஒன்றா, விடிய விடியவா? அறிவியல் புனைவுத் தொடர்களை எந்த வேகத்தில் பார்ப்பது

நல்ல அறிவியல் புனைவுத் தொடர் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம், பேர் சொல்வதற்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்பேன். எப்படிப் பார்க்கப் போகிறீர்கள்? ஒரே மூச்சிலா, ராத்திரி ஒரு எபிசோடாகவா, வாரத்துக்கு ஒன்றாகவா? குடும்பக் கதைக்கும் போலீஸ் கதைக்கும் இது அவ்வளவு முக்கியமில்லை. அறிவியல் புனைவில் கதையோடு சேர்த்து, அந்தக் கதை நடக்கும் உலகத்தின் சட்டதிட்டங்களையும் நாம் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே காலம் எப்படி ஓடுகிறது, ஈர்ப்பு விசை எங்கிருந்து வருகிறது, யாருக்கு எது ஞாபகத்தில் இருக்கும் என்பதெல்லாம் மனசில் படிய இடைவெளி வேண்டும். எவ்வளவு இடைவெளி என்பது தொடருக்குத் தொடர் மாறும்.

மதுரையில் எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் கட்சியே பிரிந்திருக்கிறது. நான் காத்திருந்து பார்க்கிற கட்சி. அண்ணன் மகன் விடிய விடியப் பார்க்கிற கட்சி. "அத்தை, கையில எல்லா எபிசோடும் இருக்கு. அப்புறம் எதுக்கு ஒரு வாரம் காத்துக் கெடக்கணும்?" என்பான். ஞாயமான கேள்விதான். சில தொடர்களுக்கு அவன் வழியே சரி.

முதலில் 'டார்க்'. ஜெர்மன் தொடர், 2017 டிசம்பர் 1 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மூன்று சீசன்களில் 10, 8, 8 என்று மொத்தம் 26 எபிசோடுகள். வின்டன் என்ற சின்ன ஊர், நான்கு குடும்பங்கள், 33 வருஷத்துக்கு ஒரு முறை சுழலும் காலம். 2019-இல் தொடங்கும் கதை 1986-க்கும் 1953-க்கும் போய்வருகிறது. பிரபவ, விபவ என்று அறுபது வருஷம் திரும்பத் திரும்பச் சுற்றிவருவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் காலம் வட்டமாக ஓடுவதை ஏற்றுக்கொள்வது கஷ்டமில்லை. கஷ்டம் ஆட்களை அடையாளம் வைத்துக்கொள்வதில். ஒரே ஆள் சிறுவனாகவும் நடுவயதுக்காரனாகவும் கிழவனாகவும் வருவார், மூன்று நடிகர்கள் நடித்திருப்பார்கள்.

இதை வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தால் தோற்றுப்போவீர்கள். அடுத்த வாரம் உட்காரும்போது பாதிப் பேர் யாரென்றே மறந்திருக்கும். ஒரே ராத்திரியில் நான்கைந்து பார்த்தாலும் அதே கதிதான், மூன்று காலங்களும் கலந்து குழம்பிவிடும். ராத்திரிக்கு ஒன்று, பக்கத்தில் ஒரு நோட்டு என்பதுதான் இதற்கு வழி. இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நம்மூர்க் கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர் வந்து உட்கார்ந்தால், நீங்க யாருக்கு என்ன முறை வேணும் என்று கேட்டுத்தானே பேச்சைத் தொடங்குவோம்? ஒவ்வொரு எபிசோடு முடிந்ததும் அதே கேள்வியைக் கேட்டு, யார் யாருக்கு அப்பா, சித்தி, மாமன், கொழுந்தியாள் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். சொந்தங்களைத் தனித்தனிப் பேர் வைத்து அழைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தத் தொடர் கொடுக்கும் அதிர்ச்சி மற்றவர்களுக்குக் கிடைப்பதை விடப் பெரியது. எப்படி என்பதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் சீசன் 2020 ஜூன் 27 அன்று வெளியானது. கதைப்படி உலகம் அழியும் தேதியும் அதுதான். மதுரை அப்போது ஜூன் 24-இல் தொடங்கிய முழு ஊரடங்கில் இருந்தது. பெரும்பாலான கடைகள் கிடையாது, பஸ் கிடையாது, வெளியே சுற்ற வழியில்லை. எட்டு எபிசோடையும் ஒரே இருப்பில் பார்த்து முடிக்க அதைவிடத் தோதான நேரம் வராது. அண்ணன் மகன் அப்படித்தான் முடித்தான். ஆனால் அந்த மூன்றாம் சீசனில்தான் முடிச்சுகள் அதிகம். முதல் இரண்டு சீசனையும் ராத்திரிக்கு ஒன்றாகப் பார்த்து அவன் சொன்ன விளக்கங்களில் இருந்த தெளிவு, மூன்றாவதைப் பற்றிப் பேசும்போது இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்துப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஒரே தொடரை ஒரே மூச்சில், நாளுக்கு ஒன்றாக, வாரத்துக்கு ஒன்றாகப் பார்க்க வைத்தார்கள். முடித்த மறுநாள் கேள்வி கேட்டபோது ஒரே மூச்சில் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது, வாரக் குழு கடைசியில் நின்றது. 140 நாள் கழித்துக் கேட்டபோது, வேகமாக மறந்திருந்தவர்கள் ஒரே மூச்சில் பார்த்தவர்கள். வாரக் குழு மறந்தது மிகக் குறைவு. ஒரே மூச்சில் பார்த்தவர்கள் மற்ற இரண்டு குழுவை விடக் குறைவாகவே ரசித்ததாகவும் சொன்னார்கள். பங்கெடுத்தவர்கள் 51 பேர்தான், தொடரும் ஓர் உளவுக்கதை. அதனால் இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் புது உலகத்தின் விதிகளை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய கதைகளுக்கு இந்த முடிவு இன்னும் கூடுதலாகவே பொருந்தும் என்பது என் எண்ணம்.

வாரத்துக்கு ஒன்று என்பதற்கு முழுத் தகுதி உள்ள தொடர் 'செவரன்ஸ்'. ஆபீஸ் லிஃப்டில் இறங்கும்போது வெளி வாழ்க்கையின் ஞாபகம் அறுந்துபோகும், வீட்டுக்குக் கிளம்பினால் ஆபீஸ் ஞாபகம் இருக்காது. மூளையில் ஒரு சில்லு வைத்து இதைச் செய்துகொண்டவர்களின் கதை. முதல் சீசன் 2022-இல் ஒன்பது எபிசோடுகள். இரண்டாவதற்கு ஏறக்குறைய மூன்று வருஷம் காக்கவைத்தார்கள். 2025 ஜனவரி 17 அன்று, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு முடிந்த மறுநாள், முதல் எபிசோடு வந்தது. அதிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி ஒன்று, மார்ச் 21 வரை பத்து.

இந்தத் தொடர் பதில் சொல்லும் வேகத்தை விடக் கேள்வி கேட்கும் வேகம் அதிகம். அந்த ஆபீசுக்குள் ஆட்டுக்குட்டிகளை ஏன் வளர்க்கிறார்கள்? கம்ப்யூட்டரில் எண்களைப் பார்த்துப் பயப்படுவதும் சிரிப்பதும் என்ன வேலை? ஒவ்வொரு வெள்ளியும் பார்த்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் இதைத்தான் பேசினோம். அக்கா ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். ஆபீசுக்குள் ஓர் ஆளாகவும் வீட்டில் வேறு ஆளாகவும் இருப்பதைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் எந்த விமர்சனத்திலும் நான் படிக்காதவை. ஒரு வாரம் இடைவெளி இல்லாமல் போயிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அடுத்த எபிசோடு தானாக ஓடத் தொடங்கியிருக்கும். அண்ணன் மகன் மார்ச் 21 வரை பொறுத்திருந்து மொத்தமாகப் பார்த்தான். அவனுக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஆட்டுக்குட்டிகளைப் பற்றி அவனுக்கு ஒரு ஊகம்கூடக் கிடையாது. யோசிப்பதற்கு முன்பே விடை வந்து நின்றுவிட்டது.

காசுக் கணக்கில் அவன் பக்கம்தான் லாபம், அதையும் சொல்ல வேண்டும். 'செவரன்ஸ்' வரும் ஆப்பிள் டிவிக்கு அப்போது மாதம் 99 ரூபாய். வாராவாரம் பார்த்தால் மூன்று மாதச் சந்தா, முடிந்தபின் பார்த்தால் ஒரு மாதம் போதும்.

வாரம் ஒன்று என்பது ஓடிடி கொண்டுவந்த பழக்கமும் இல்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை விகடனில் தொடராகப் படித்தவர்கள் ஒவ்வொரு வாரமும் 'தொடரும்' என்ற வார்த்தையில் நின்றவர்கள்தான். நம்ம மதுரைக்காரர் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்மதேசம்' சன் டிவியில் வாராவாரம் வந்த காலத்தை இங்கே பலரும் இன்னும் சொல்வார்கள். அது அறிவியல் புனைவு இல்லை. ஆனால் யார் செய்தது, ஏன் செய்தது என்று வாரம் முழுக்க ஊரே யோசித்தது.

வாரம் ஒன்று, மொத்தமாக என்ற இரண்டு முறையையும் ஒரே தொடரில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் 'தி எக்ஸ்பேன்ஸ்' இருக்கிறது. மனிதர்கள் சூரியக் குடும்பம் முழுக்கப் பரவிக் குடியேறிய காலத்தின் கதை, எனக்கு மிகவும் பிடித்த தொடர். ஆறு சீசன்கள், 62 எபிசோடுகள், 2015 முதல் 2022 தொடக்கம் வரை. முதல் மூன்று சீசன்கள் டிவி சேனலில் வாராவாரம் வந்தவை. 2018-இல் சேனல் கைவிட்டதும் அமேசான் எடுத்துக்கொண்டது. நான்காம் சீசனை 2019 டிசம்பர் 13 அன்று மொத்தமாகக் கொட்டினார்கள். ஐந்தாவதை 2020 டிசம்பர் 16 அன்று மூன்று எபிசோடுகளோடு தொடங்கி, பிறகு வாரம் ஒன்றாகத் தந்தார்கள்.

நான்காவது பெரும்பாலும் ஒரே கிரகத்தில், ஒரே பிரச்சினையைச் சுற்றி நடப்பது. அதை இரண்டு மூன்று நாளில் பார்த்தால் நன்றாகவே போகும், இங்கே அண்ணன் மகன் சொல்வது சரி. ஐந்தாவதில் முக்கிய ஆட்கள் ஆளுக்கொரு திசையில் பிரிந்துபோகிறார்கள். நான்காம் எபிசோடு முடியும் விதத்துக்குப் பிறகு ஒரு வாரம் சும்மா இருந்தது அந்தச் சீசனுக்கே பலம். அந்தச் செய்தி மனசுக்குள் இறங்க அவ்வளவு நேரம் தேவைப்பட்டது.

முதல் சீசன் கதை வேறு. அங்கே விதிகள் எதையும் யாரும் வாயால் விளக்கமாட்டார்கள். கப்பலின் என்ஜின் தள்ளும் விசைதான் உள்ளே இருப்பவர்களுக்குத் தரையில் நிற்கும் எடையைத் தருகிறது, என்ஜின் நின்றால் மிதப்பார்கள். குறைந்த ஈர்ப்பில் பிறந்து வளர்ந்தவனைப் பூமியில் நிற்கவைப்பதே சித்திரவதை. செரெஸ் குறுங்கோளில் தண்ணீர் ரேஷன், வெளியிலிருந்து பனிக்கட்டி ஏற்றிவரும் கப்பல் வராவிட்டால் ஊர் கொதிக்கும். இந்தக் கடைசி விஷயம் மட்டும் மதுரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வைகை மணலாகக் கிடக்க, தெருமுனையில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு, செரெஸ்காரர்களின் கோபம் முதல் காட்சியிலேயே புரிந்துவிடும். மற்றதெல்லாம் பிடிபட நாளாகும். பலரும் இரண்டாம் எபிசோடோடு நிறுத்திவிடுவது இதனால்தான். முதல் நான்கையும் இரண்டு ராத்திரியில் பார்த்துவிடுங்கள். நான்காவதில் கதை எழுந்து ஓடும். பிறகு ராத்திரிக்கு ஒன்று.

பழைய 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' மாதிரித் தொடர்களுக்கு இந்தச் சர்ச்சையே கிடையாது. 1987 முதல் 1994 வரை 178 எபிசோடுகள், பெரும்பாலானவை தனிக்கதை. சாப்பிடும்போது ஒன்று பார்க்கலாம், ஒரு மாதம் விட்டுவிட்டும் வரலாம்.

இரண்டு கட்சியும் ஒத்துப்போன ஒரே தொடர், 'ஸ்டார் வார்ஸ்' உலகத்தில் நடக்கும் 'ஆன்டோர்'. 2025 சித்திரைத் திருவிழா நேரத்தில் அதன் இரண்டாம் சீசன் வந்தது. வாரத்துக்கு மூன்று எபிசோடு, நான்கு வாரம், மொத்தம் 12. கடைசி மூன்றும் அழகர் ஆற்றில் இறங்கிய அதே வாரம். ஒவ்வொரு மூன்றும் கதையில் ஒரு வருஷம். மூன்றையும் சேர்த்தால் ஒரு சினிமா அளவு, முடிந்தபின் யோசிக்க ஒரு வாரம். பழைய தொடர்களையும் இப்படி வகுத்துப் பார்க்கலாம் என்று அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தோன்றியது. 'ஆன்டோர்' முதல் சீசனைப் பார்க்காதவர்கள் 1 முதல் 3 வரை ஒரு நாள், 4 முதல் 6 வரை ஒரு நாள் என்று வையுங்கள். ஏழாவதைத் தனியாகப் பாருங்கள். 8, 9, 10 சிறைக்கதை, அதை நடுவில் நிறுத்தாதீர்கள். கடைசி இரண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை ஒதுக்குங்கள்.