100 எம்.எம். மேக்ரோ லென்ஸ்: ஒன்பது வருடக் கணக்கு

போன வாரம் என் மேக்ரோ லென்ஸ், அதாவது பூச்சி, பூ போன்ற சின்னவற்றை மிக நெருக்கத்தில் எடுக்கும் லென்ஸ், பழுதுபார்க்கும் கடையிலிருந்து திரும்பி வந்தது. அதே வாரம் அக்கா மகன் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "மாமா, கூடவே வந்த 18-55 லென்ஸ் போதவில்லை. அடுத்து எதை வாங்கலாம், மொத்தமாக எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான். முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் என் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டில் இருக்கிறது. பழுதுக்குக் கொடுத்த பணத்தை அன்று காலையில்தான் அதில் எழுதியிருந்தேன். அந்தக் கடுப்போடு எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

லென்ஸ்கள் மட்டும்: 50 எம்.எம். எஃப்/1.8 ஒன்று 8,200 ரூபாய். 10-18 அகலக் கோண லென்ஸ் 17,500. தூரத்தில் இருப்பதை எடுக்கும் 55-250 டெலி 15,000. யாரோ வைத்திருந்து விற்ற 24 எம்.எம். 9,000. மேக்ரோ 36,500. ஆக 86,200. ஒன்பது வருடத்துக்கு இது ஒரு தொகையா என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். நோட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினால்தான் விஷயம். ஈரம் உறிஞ்சும் அலமாரி 11,000. டிரைபாட் 8,600. ஃபில்டர்கள் 7,300. பைகள் இரண்டு, 6,400. லென்ஸ் முகப்பில் வெளிச்சத்தை மறைக்க மாட்டும் ஹூட்கள் 2,900. பழுது 4,800. கூட்டினால் 41,000. அதாவது லென்ஸுக்குக் கொடுத்ததில் ஏறக்குறைய பாதியை லென்ஸ் அல்லாத சாமான்களுக்குக் கொடுத்திருக்கிறேன். கல்யாணச் செலவில் நகையைவிடத் தாம்பூலப் பை பயமுறுத்துவது போலத்தான்.

ஃபில்டர் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் 50-க்கு முகப்பு விட்டம் 49 மில்லிமீட்டர். மேக்ரோவுக்கும் டெலிக்கும் 58. அகலக் கோணத்துக்கு 67. எனவே போலரைசரை, அதாவது பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டரை, 67 அளவில் ஒன்றே ஒன்று வாங்கி, மற்றவற்றுக்கு வளையம் போட்டு மாட்டுவதுதான் புத்திசாலித்தனம். நான் முதலில் 58-இல் ஒன்று வாங்கினேன். பிறகு 67-இல் ஒன்று வாங்கினேன். அதற்கும் பிறகுதான் வளையம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. வளையம் போட்டால் ஹூட் மாட்ட முடியாது என்பது அதற்கும் அடுத்த பாடம். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேசினால் இரத்த அழுத்தம் ஏறும்.

மேக்ரோவுக்கு வருகிறேன். இந்த லென்ஸைப் போல எனக்குச் சந்தோஷம் கொடுத்த பொருள் வீட்டில் வேறு இல்லை. மொட்டை மாடியில் அம்மா வைத்த கறிவேப்பிலைத் தொட்டி ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் அதில் வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டுவிட்டுப் போகும். சின்னப் புழு வெளிவந்தால் பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும், பறவைகள் தொடக்கூடாது என்பதற்கான வேஷம். அம்மா முதலில் அதைத் தட்டிவிடத்தான் போனார். நான் லென்ஸை மாட்டிக் காட்டினேன். எச்சம் என்று நினைத்த இடத்தில் சின்னச் சின்ன முள், ஈரமான பளபளப்பு, இலை ஓரத்தைச் சுரண்டும் வாய். அன்றிலிருந்து அந்தத் தொட்டியில் ஒரு கிளையை அம்மா புழுவுக்கென்று ஒதுக்கிவிட்டார். சாம்பாருக்கு மறு பக்கத்தில்தான் பறிப்பார்.

ஒன்றுக்கு ஒன்று என்கிறார்களே, அதன் பொருள் இதுதான்: பூச்சி ஒரு சென்டிமீட்டர் நீளம் என்றால் சென்சாரின் மேல் விழும் பிம்பமும் அதே ஒரு சென்டிமீட்டர். அந்த நெருக்கத்தில் லென்ஸின் துவாரத்தை எஃப்/8 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. குதிக்கும் சிலந்தியின் முன்கண் இரண்டும் துல்லியமாக இருந்தால் கால் மங்கிவிடும். மூச்சு விட்டால் படம் போச்சு. வெளிச்சமும் இரண்டு ஸ்டாப் குறையும், அதாவது கால் பங்குதான் மிஞ்சும். நாற்பது படம் எடுத்தால் ஒன்று தேறும். அந்த ஒன்றுக்காக முட்டி போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கிடந்திருக்கிறேன். ஒருமுறைகூட வீண் என்று தோன்றியதில்லை. முகம் எடுக்கவும் இதே லென்ஸ்தான் எனக்குப் பிடிக்கும். அக்காவின் அறுபதாவது பிறந்தநாளில் எடுத்த படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

இத்தனை அருமையான லென்ஸில்தான் பூஞ்சை வந்தது. இதில் தயாரித்தவர்கள் குற்றம் எதுவும் இல்லை.

எங்கள் வீடு திருவான்மியூரில், கடலிலிருந்து நடக்கும் தூரத்தில். ஐப்பசி, கார்த்திகையில் என் ஈரப்பதமானி வீட்டுக்குள்ளேயே 80 சதவீதத்தைத் தாண்டும். லென்ஸுக்கு 40 முதல் 50 வரை இருந்தால் நல்லது. 60-க்கு மேலே நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2020-இல் ஊரடங்கில் பைக்குள் மாதக்கணக்கில் கிடந்த டெலிக்கு லேசாக ஒரு புள்ளி வந்தது. துணிப் பை ஈரத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. நல்லவேளையாக அது முகப்புக் கண்ணாடியின் வெளிப்பக்கம், துடைத்ததும் போனது. பயந்துபோய் மறுமாதமே அலமாரியை வாங்கினேன். மின்சாரத்தில் ஓடும், முப்பது லிட்டர் கொள்ளளவு, ஒரு மாத மின் கட்டணத்தில் அது இருப்பதே தெரியாது.

போன நவராத்திரிக்குக் கொலு வைத்தோம். சீரியல் விளக்குக்கு ஒரு பிளக் பாயின்ட் தேவைப்பட்டது. அலமாரியின் வயர் கழற்றப்பட்டது. யார் கழற்றியது என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. கொலு முடிந்து பொம்மைகள் பெட்டிக்குள் போயின, விளக்கும் போனது, வயர் மட்டும் தரையிலேயே கிடந்தது. நன்றாக மூடிய அலமாரி, உள்ளே ஐப்பசி மழையின் ஈரம், கும்மிருட்டு. பூஞ்சை வளர்க்க யாராவது திட்டம் போட்டுக் கட்டியிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. எனக்கு அந்த மூன்று மாதமும் அலுவலகத்தில் வேலை அதிகம். தை மாதம் திறந்தபோது ஈரப்பதமானியின் முள் 78-இல் நின்றது.

மற்ற நான்கும் தப்பின. மேக்ரோவுக்குள் மட்டும், இரண்டாவது கண்ணாடிக்கும் மூன்றாவதற்கும் நடுவில், ஓரத்திலிருந்து கிளை கிளையாக ஒன்று. பனிக்காலத்து மரம் போல அழகாகத்தான் இருந்தது.

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் பார்க்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அக்கா மகனுக்கும் இதைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தேன். இரண்டு பக்க மூடியையும் கழற்ற வேண்டும். முன்பக்கத்திலிருந்து கைபேசி டார்ச்சைச் சாய்த்து அடித்துக்கொண்டு பின்பக்கம் வழியாகப் பார்க்க வேண்டும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, சாய்வில்தான் நூல் நூலாகத் தெரியும். தூசி என்றால் கவலையில்லை, எல்லா லென்ஸிலும் இருக்கும். நூல் என்றால் கையை எடுத்துவிடலாம்.

அண்ணா சாலைப் பக்கம் ஒரு சந்தில், மாடியில் இருக்கும் கடையில் கொடுத்தேன். பெரியவர் ஒருவர். ஜன்னலோரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "சுத்தம் செய்துவிடலாம் சார். ஆனால் பூச்சு மேல் அது கடித்த தடம் இருந்தால் அது போகாது" என்றார். பூஞ்சை அமிலம் விடும், அது கண்ணாடிப் பூச்சை அரிக்கும். பதினைந்து நாள் கழித்து வந்த லென்ஸில் பூஞ்சை இல்லை. அரிசி அளவுக்கு ஒரு தடம் ஓரத்தில் இருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். படத்தில் அது தெரியவே இல்லை. அதே இலை, அதே வெளிச்சம், பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். சூரியனுக்கு எதிரே பிடித்தால் மட்டும் லேசான வெண்மை படர்கிறது. பூச்சி எடுப்பவன் சூரியனுக்கு எதிரே எதற்குப் போகிறான்? "படத்தில் தெரிகிறதா?" என்று மனைவி கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் என்ன?" என்றார். பதில் இல்லை. ஆனால் மாட்டும் முன் ஒருமுறை டார்ச் அடிக்கிறேன், கழற்றிய பின் ஒருமுறை அடிக்கிறேன். தடம் வளர்ந்துவிட்டதா என்று கைபேசியில் படம் பிடித்து வைத்து ஒப்பிடுகிறேன். போன ஞாயிறு ஒரு மணி நேரம் மாடியில் இருந்தேன், அதில் முக்கால் மணி லென்ஸைப் பார்த்தேன், கால் மணி புழுவைப் பார்த்தேன்.

எனவே விற்கப் போகிறேன். யார் கேட்டாலும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன், நான் வைத்திருக்கும் ஐந்தில் இதுதான் முதல் இடம். ஆனாலும் விற்கப் போகிறேன்.

சந்தை நிலவரம் எனக்குச் சாதகமாக இல்லை. மவுண்ட் என்பது கேமராவில் லென்ஸை மாட்டும் அமைப்பு. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது, கேனானின் இ.எஃப். மவுண்ட் 1987-இல். இரு நிறுவனங்களுமே 2018-இல், டி.எஸ்.எல்.ஆர்.-இல் உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கென்று புது மவுண்டுக்கு மாறிவிட்டன. இடையில் அடாப்டர் போட்டுப் பழைய லென்ஸைப் புதியதில் மாட்டலாம். வாங்க வருகிறவர் அடாப்டரின் விலையையும் நம் தலையில் கழித்துக்கொண்டுதான் பேசுவார். பழைய டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர், அதிலும் என் மவுண்டே வைத்திருப்பவர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அப்படி ஒருவன் வீட்டுக்கே வந்திருந்தான். மாடிக்கு அழைத்துப் போய் அவன் கேமராவில் லென்ஸை மாட்டிக் கொடுத்தேன். அம்மா ஒதுக்கிய கிளையில் ஒரு புழு இருந்தது. முதல் பத்துப் படமும் மங்கல். பதினோராவதில் "மாமா!" என்று கத்தினான். திரையை இவன் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் பேட்டரி பாதி தீர்ந்தது.

"எவ்வளவுக்குக் கொடுப்பீர்கள்?"

"உனக்கு என்றால் பதினைந்தாயிரம்."

ஒன்றும் பேசாமல் லென்ஸைக் கழற்றினான். இரண்டு மூடியையும் என் கையில் கொடுத்தான். சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து டார்ச்சைப் போட்டு, முன்பக்கம் சாய்த்துப் பிடித்து, பின்பக்கம் கண்ணை வைத்தான்.

"மாமா, ஓரத்தில் அரிசி மாதிரி ஏதோ தெரிகிறதே."

பன்னிரண்டு என்றேன்.