ரிகால் ஸ்கோப்பும் ப்ரோப்பின் சின்னத் திருகும்: நீண்ட நாள் அனுபவம்

பாளையங்கோட்டையில் இன்வெர்ட்டர், எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்சிங் பவர் சப்ளை), பம்ப்செட் கண்ட்ரோலர் போர்டுகளைச் சரிபார்க்கும் பட்டறை எங்களுடையது. காற்று சீசன் பிறந்துவிட்டால் பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளிலிருந்தும் போர்டுகள் வந்து குவியும். மேஜையில் பல வருஷமாக உழைப்பது ரிகால் டிஎஸ்1054இசட் ஆசிலாஸ்கோப், மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி. நான்கு சேனல், 50 மெகாஹெர்ட்ஸ். எங்கள் வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் திரையில் தெரிவது மெய்யா என்பது ஸ்கோப்பைவிட, போர்டில் தொட்டு சிக்னலை அதற்குக் கொண்டுவரும் ப்ரோப்பின் கையில்தான் அதிகம் இருக்கிறது. அதனால் இங்கே பெரும்பகுதி ப்ரோப்பைப் பற்றியே பேசப்போகிறேன்.

10எக்ஸ் ப்ரோப்பின் முனைப்பக்கம் 9 மெகாஓம், ஸ்கோப்புக்குள் 1 மெகாஓம். இரண்டும் சேர்ந்து சிக்னலைப் பத்தில் ஒரு பங்காக்கும். கேபிளிலும் ஸ்கோப் இன்புட்டிலும் கெப்பாசிட்டன்ஸும் உண்டு. அதற்கு ஈடுகட்டத்தான் ப்ரோப்பில் ட்ரிம்மர், அதாவது திருகிச் சரிசெய்யும் சின்னக் கெப்பாசிட்டர், கொடுத்திருக்கிறார்கள். சில கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டால் சிக்னலைப் பங்கு போடுவது மின்தடைகள் அல்ல, கெப்பாசிட்டர்கள். இந்த ஒரு விஷயம் மனசில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

ட்ரிம்மர் சரியில்லாத ப்ரோப்பால் மாஸ்பெட்டை (ஸ்விட்ச் போல் வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) இயக்கும் 50 கிலோஹெர்ட்ஸ் கேட் பல்ஸைப் பார்த்தால் அலை சதுரமாகவே தெரியும், மூலைகூடச் சுத்தமாக இருக்கும். அளவு மட்டும் தப்பாக இருக்கும். 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பதிமூன்றரை காட்டும். உடனே ஜீனரைக் கழற்று, டிரைவர் ஐ.சி.யை மாற்று என்று வேலை வேறெங்கோ போய்விடும். வடிவம் கெட்டுத் தெரிந்தாலாவது சந்தேகம் வரும். வடிவம் ஒழுங்காக இருந்து உயரம் மட்டும் பொய்யாவதுதான் ஆபத்து.

சரிசெய்வது எளிது. ஸ்கோப்பின் முகப்பிலேயே 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும் முனை இருக்கிறது. ப்ரோப் ஸ்விட்ச் 10எக்ஸில் இருக்கட்டும்; சிக்னலைக் குறைக்காமல் அப்படியே அனுப்பும் 1எக்ஸில் ட்ரிம்மருக்கு வேலையே இல்லை. அலையின் மேல்மூலை மழுங்கியிருந்தால் ஈடு குறைவு, கொம்பு முளைத்ததுபோல் எழும்பினால் ஈடு அதிகம். கூடவே வரும் பிளாஸ்டிக் திருப்புளியால் மெல்லத் திருப்பி, மேல்கோடு மட்டமாகும் இடத்தில் விட வேண்டும். இரும்புத் திருப்புளி வேண்டாம். அதை வைத்திருக்கும்போது ஒரு நிலை, எடுத்தபின் வேறு நிலை. சேனலுக்குச் சேனல் இன்புட் கெப்பாசிட்டன்ஸ் கொஞ்சம் மாறும் என்பதால் வண்ண வளையம் மாட்டி, மஞ்சள் ப்ரோப் முதல் சேனலுக்குத்தான் என்று வைத்துவிட்டோம். ஸ்கோப்பின் மெனுவிலும் 10எக்ஸ்தான் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது கிரவுண்ட் வயர், ப்ரோப்போடு தொங்கும் முதலை கிளிப் வைத்த வயர். பட்டறையில் இருக்கும் தம்பி ஒருநாள், "அண்ணாச்சி, இந்த மாஸ்பெட்ல ரிங்கிங் ரொம்ப அடிக்கி. ஸ்னப்பர் போயிட்டோ?" என்றான். ரிங்கிங் என்பது அலையின் விளிம்பில் வரும் அதிர்வு, ஸ்னப்பர் அதை அடக்கும் சர்க்யூட். "ஏல, முதல்ல அந்த முதலை கிளிப்பைக் கழத்து. ஸ்பிரிங்கை மாட்டிட்டுப் பாரு" என்றேன். பாதிக்குமேல் காணாமல் போனது. 15 சென்டிமீட்டர் வயரில் ஏறத்தாழ 150 நானோஹென்றி இண்டக்டன்ஸ் சேரும். ப்ரோப் முனையின் பதினைந்து பைகோஃபாரட் சொச்சத்தோடு அது கூடி, 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டித் தானாகவே அதிரும். முனையோடு ஒட்டி நிற்கும் அந்தக் குட்டி ஸ்பிரிங்கைப் பலர் பெட்டியைவிட்டு வெளியே எடுப்பதே இல்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம்.

10 மெகாஓம் என்று போட்டிருப்பதை நம்பி எங்கு வேண்டுமானாலும் முனையை வைக்கவும் கூடாது. 15 பைகோஃபாரட் என்பது 10 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1 கிலோஓம் பாரம். கிரிஸ்டல் காலில் 1எக்ஸில் தொட்டால் ஆசிலேட்டரே நின்றுபோகலாம். 1எக்ஸை சப்ளையின் சிறு ரிப்பிள் (டி.சி. மேல் ஏறி நிற்கும் அலைவு) பார்க்க மட்டும் வைத்திருக்கிறோம். அதன் பாண்ட்வித், அதாவது ஒழுங்காகக் காட்டும் அதிர்வெண் வரம்பு, 6, 7 மெகாஹெர்ட்ஸோடு சரி.

எஸ்.எம்.பி.எஸ். பிரைமரி பக்கம், அதாவது மெயின்ஸ் மின்சாரம் நேராக வரும் பக்கம், கை வைப்பவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் 325 வோல்ட். ப்ரோப்பின் கிரவுண்ட் கிளிப் ஸ்கோப் வழியாக எர்த்தோடு நேராகச் சேர்ந்தது. அதை பிரிட்ஜின் மைனஸில் மாட்டினால் ஷார்ட்தான். ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடும் பழக்கம் உயிருக்கே உலை. போர்டுக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், அல்லது இரு புள்ளிகளுக்கு இடையிலான வோல்ட்டை எர்த்தோடு சேராமல் அளக்கும் டிஃபரன்ஷியல் ப்ரோப் வாங்குங்கள். இரண்டு ப்ரோப் வைத்துக் கழித்துப் பார்ப்பதானால் இரண்டின் ட்ரிம்மரும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். இல்லையேல் கழித்தபின் மிஞ்சுவது ப்ரோப்பின் பிழை.

ஸ்கோப்புக்கென்று செல்ஃப்-கால், அதாவது தன் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி, தனியாக உண்டு. அரை மணி நேரம் ஓடவிட்டு, எல்லா இன்புட்டையும் கழற்றிவிட்டு ஓட்ட வேண்டும். அறை வெப்பம் 5 டிகிரி மாறினாலே செய்துவிடுவது நல்லது. சித்திரை வெயிலுக்கும் குற்றாலச் சாரல் காற்று இங்கு வரை எட்டும் ஆனி, ஆடிக்கும் நம்மூரில் வித்தியாசம் அதைவிட அதிகம். இதைச் செய்தாலும் இது 8 பிட் கருவி, 256 படிகள்தான், டி.சி. துல்லியம் 3 சதவீதம் அளவில். 5 வோல்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரையே எடுக்கிறேன்.

ப்ரோப் வயர், ஸ்கோப்பில் மாட்டும் பி.என்.சி. கனெக்டரின் கழுத்தில் வளைந்து வளைந்து விட்டுப்போகும். மாற்று வாங்கும்போது மெகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அதன் காம்பன்சேஷன் வரம்புக்குள், அதாவது ட்ரிம்மர் ஈடுகட்டக்கூடிய வரம்புக்குள், உங்கள் ஸ்கோப்பின் இன்புட் கெப்பாசிட்டன்ஸ் வருகிறதா என்று பாருங்கள். ரிகாலுக்கு அது 15 பைகோஃபாரட். வரம்பு 20-இல் தொடங்கும் ப்ரோப்பை வாங்கினால், ட்ரிம்மரை எந்தக் கோடிக்குத் திருப்பினாலும் மூலை மட்டமாகாமல் போகலாம்.